நூற்றைந்து டிகிரி

தார்த்துவில் வெளியே மைனஸ் பதினெட்டு.
மேசையில் மூடி கழற்றிய ஆம்ப்ளிஃபயர்.
பெரிய மின்தேக்கிகள் நான்கில் இரண்டுக்கு
அடுப்பில் மறந்த ரொட்டிபோல் தலை உப்பியிருக்கிறது.

கல்யு பனி அள்ளும் வண்டி ஓட்டுகிறவன்.
விடிகாலை நாலுக்கு வீடு திரும்பி
இசைத்தட்டில் ஒரு பக்கமாவது கேட்டால்தான் படுப்பானாம்.
இரண்டு குளிர்காலமாய்ப் பாட்டுக்கு அடியில் ஓர் உறுமல்.
"என் வண்டி வாசலில் அணையாமல் நிற்கிற மாதிரி, ஹெல்வே."
சரியாகத்தான் சொன்னான். நூறு ஹெர்ட்ஸ்.

சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தான்.
பொன்னிற உறை போட்டவைதான் வேண்டும்,
ஒலி கதகதப்பாய் இருக்குமாம்.
அதில் ஒன்றின் விலைக்கு
எனக்கு ஒரு வாரத்து விறகு வரும்.
கதகதப்பைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை.
அளவுகோலை எடுத்தேன்.

பலகையில் இடம் முப்பது மில்லிமீட்டர்,
பொன்னிறத்தானின் இடுப்பு முப்பத்தைந்து.
அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

தடத்தில் ஓடுவது நாற்பத்திரண்டு வோல்ட்.
பழையவற்றின் மேல் ஐம்பது என்று எழுதியிருந்தது.
மின்சாரம் துள்ளிய ராத்திரிகளில்
எப்படி மூச்சைப் பிடித்து நின்றனவோ.
அறுபத்து மூன்று என்று குறித்தேன்.
"மைக்ரோஃபாரடை இரண்டு மடங்கு போட்டால்?"
போடலாம்.
சுவிட்சைத் தட்டிய நொடியில்
அத்தனை பசியும் ஒரேயடியாய் டயோடுகள் மேல் விழும்.
விரலுக்குத் தகுந்த வீக்கம் போதும், கல்யு.
பத்தாயிரம் இருந்த இடத்தில் பத்தாயிரம்.

எண்பத்தைந்து டிகிரி வகை மலிவு.
நான் எடுத்தது நூற்றைந்து, கறுப்பு உறை,
தொழிற்சாலை மோட்டார்களுக்கென்று செய்தது.
அதன் விவரத்தாளில் இசை என்ற சொல்லே இல்லை.
நூற்றைந்தில் ஐயாயிரம் மணி நேரம் தாங்கும்,
பத்து டிகிரி இறங்க இறங்க ஆயுள் இரட்டிக்கும்.
இந்தப் பெட்டிக்குள் நாற்பத்தைந்துதான்.
தாளின் ஓரத்தில் பெருக்கிப் பார்த்தேன்:
மூன்று லட்சத்து இருபதாயிரம் மணி,
ஒரு நொடியும் அணைக்காமல் முப்பத்தாறு ஆண்டு.
எனக்கு ஐம்பத்தெட்டு.
பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன்.
அடியில் இருக்கும் ரப்பர் அடைப்பு காய்ந்துபோவதை
அந்தக் கணக்கு பெருக்குவதும் இல்லை.

சின்னவை பதினான்கு.
அவற்றில் இரண்டு, பாட்டு நடந்துபோகும் வழியில் நிற்பவை.
அங்கே மட்டும் இணங்கினேன்:
பொன்னிறம், பத்து மைக்ரோ, ஒரு காப்பியின் விலை.
வித்தியாசம் கேட்குமா என்றான்.
உனக்குக் கேட்கலாம் என்றேன்.

இருபத்தோராம் எண் இடத்தில் கை நின்றது.
பலகையில் அச்சிட்ட கூட்டல் குறி இடப்பக்கம்.
கழற்றிய பழையது வலப்பக்கம் பார்த்து நின்றிருந்தது.
மீட்டரின் முள்ளை வைத்தேன்,
இன்னொருமுறை வைத்தேன்.
பொய் சொன்னது பலகைதான்.
எந்த ஊரிலோ ஒரு நீண்ட மேசையில்
யாரோ ஒருத்தி
அச்சை நம்பாமல் திருப்பிச் செருகியிருக்கிறாள்,
நாற்பது ஆண்டுக்கு முன்.
மேலே இருப்பவரிடம் சொன்னாளா,
சொல்லியும் யாரும் கேட்கவில்லையா,
இல்லை, மூன்றாயிரம் பலகைகளையும்
வாய் பேசாமல் திருப்பித் திருப்பியே போட்டாளா?
நான் அச்சை நம்பியிருந்தால்
வெடித்திருக்கும்.
அறையில் மூன்று நாள் மீன் வாடை.
சிவப்பு மையால் சரியான பக்கத்தில்
ஒரு சின்னக் கூட்டல் குறி போட்டேன்.
அவள் கையெழுத்தையும் சேர்த்து.

செவ்வாய் விடிகாலை நாலு இருபதுக்குத் தொலைபேசி.
"உறுமல் போய்விட்டது."
நல்லது என்றேன்.
வைக்காமல் மூச்சு விட்டுக்கொண்டிருந்தான்.
"இப்போது குளிர்சாதனப் பெட்டி கேட்கிறது, ஹெல்வே.
இவ்வளவு நாளும் அது இருந்ததே தெரியாது."

தூக்கக் கலக்கத்தில்,
எந்த ஆண்டு வாங்கியது என்று கேட்டுத் தொலைத்தேன்.